கன்மெட்டல் புஷ் போடும்போது இடைவெளியை அளந்து போடுங்கள்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்கு முன் கன்வேயரின் கன்மெட்டல் புஷ் (ஷாஃப்ட் என்னும் சுழல்தண்டு உள்ளே சுற்றும் வெண்கலக் குழல்) மாற்றும்போது அதிகம் நடக்கும் தவறு, ஆட்டமே இல்லாமல் இறுக்கமாகப் போடுவது. ஓடிச் சூடானதும் ஷாஃப்ட் விரியும், எண்ணெய்ப் படலத்துக்கு இடமிருக்காது, புஷ் பிடித்துக்கொள்ளும். ஷாஃப்ட் விட்டத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.001 மி.மீ. இடைவெளி என்பது பொதுக்கணக்கு. 50 மி.மீ. ஷாஃப்ட்டுக்கு 0.05 மி.மீ.; மெதுவாகச் சுற்றும், கிரீஸ் போடும் இடத்தில் 0.10 வரை விடலாம்.

ஹவுசிங்கில் (புஷ் உட்காரும் கூட்டில்) அழுத்தி ஏற்றியதும் புஷ்ஷின் உள்விட்டம் சுருங்கும். ஆகவே ஏற்றிய பிறகே அளந்து, ரீமர் (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். லேத்தில் பார்த்த அளவை நம்ப வேண்டாம்.

எண்ணெய்க் காடி (புஷ்ஷின் உள்பக்கம் எண்ணெய் ஓட வெட்டும் பள்ளம்) சுமை விழும் பக்கத்தில் வரவே கூடாது; வந்தால் படலம் அங்கேயே அறுந்துவிடும். சுமை கீழ்நோக்கி என்றால் காடி மேலே. காடியை புஷ்ஷின் இரு முனைகளையும் தொடாமல் 5 மி.மீ. முன்பே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் வெளியே ஓடிவிடும்.

கிரானைட் பட்டறைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: கல்தூள் மென்மையான புஷ்ஷில் பதிந்து ஷாஃப்ட்டையே அரம்போல் ராவும். சீல் கட்டாயம். பழைய கிரீஸ் ஓரத்தில் பிதுங்கும்வரை புதியதை அடியுங்கள். ஷாஃப்ட்டில் நகத்துக்குத் தட்டும் கீறல் இருந்தால் புதுப் புஷ் மட்டும் போடுவது வீண்செலவு.