ரயிலில் ஏதேனும் நடந்தால் யாரிடம் சொல்வது? சிங்கப்பூர்ப் பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருச்சியிலிருந்து விருந்தாக வந்திருந்த என் தாய்மாமா, ஈசூன் நிலைய மேடையில் நின்று இருபக்கமும் பார்த்துவிட்டு, “என்ன மாப்பிள்ளை, இந்த ஊரில் ரயில்வே போலீசே கிடையாதா?” என்று கேட்டார். அவர் பழகிய நிலையத்தில் காக்கிச் சட்டைக்குக் குறைவில்லை. அங்கே மத்திய அரசின் ரயில்வே பாதுகாப்புப் படையும் இருக்கிறது, மாநில அரசின் இருப்புப்பாதை காவல்துறையும் இருக்கிறது. பெட்டியைத் திருடு கொடுத்தவர் எந்த அறைக்குப் போய்ப் புகார் எழுதுவது என்று தெரியாமல் அலைவதும் உண்டு. டெல்லி மெட்ரோவை 2007 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை காக்கிறது. லண்டனிலோ ரயில்களுக்கென்றே தனிக் காவல்துறை உண்டு. சிங்கப்பூரில் இந்தப் பொறுப்பு பலரிடம் பகிர்ந்து தரப்பட்டிருக்கிறது. அந்தப் பங்கீட்டைத் தெரிந்துவைத்திருந்தால், அவசரத்தில் தவறான ஆளிடம் போய் நிற்க வேண்டியிருக்காது.

மாமாவுக்கு நான் சொன்ன பதிலை இங்கும் சொல்கிறேன். குற்றத்தையும் பயங்கரவாதத்தையும் கையாள்வது சிங்கப்பூர்க் காவல்துறையின் பொறுப்பு. அதற்குள் ‘டிரான்ஸ்காம்’ எனப்படும் பொதுப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பிரிவு இந்த வேலைக்கென்றே இருக்கிறது. லண்டன் ரயில்களில் குண்டுகள் வெடித்த 2005ஆம் ஆண்டில் சிறிய ரயில் காவல் பிரிவாகத் தொடங்கப்பட்டு, 2009இல் இப்போதைய வடிவத்தை அடைந்தது. ஆனால் அச்சம் அதற்கு முன்பே வந்துவிட்டது. 2001 டிசம்பரில் ஜமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பின் உறுப்பினர்கள் கைதானபோது, ஈசூன் நிலையத்துக்கு அமெரிக்கப் படையினரை ஏற்றிச் செல்லும் பேருந்தைத் தாக்குவதற்காக அவர்கள் அந்த இடத்தை வீடியோ எடுத்திருந்தது வெளிவந்தது. மாமா நின்றிருந்த நிலையமும் அதுவே. டிரான்ஸ்காம் அதிகாரிகள் ஆயுதத்துடன் ரோந்து வருகிறார்கள். அவர்களில் தேசிய சேவையாற்றும் இளையர்களும் உண்டு, நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. எல்லாப் பெட்டியிலும் அவர்களை எதிர்பார்க்க முடியாது. நாள்தோறும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணங்கள் நடக்கும் ரயில்களில் அது ஆகிற காரியமும் இல்லை.

நிலையம், பணிமனை, தண்டவாளம், கேமரா ஆகியவற்றைக் காப்பது ரயிலை இயக்கும் நிறுவனத்தின் கடமை. அந்தக் கடமைக்கு விதி வகுத்து, தவறினால் தண்டம் விதிப்பது நிலப் போக்குவரத்து ஆணையம். 2010இல் சாங்கி பணிமனையின் வேலியை வெட்டி உள்ளே புகுந்தவர்கள் ரயில் பெட்டியில் கிறுக்கிவிட்டுப் போனபோது, கிறுக்கியவர் சிறைக்கும் பிரம்படிக்கும் உள்ளானார். ரயிலை இயக்கிய நிறுவனமும் அபராதம் கட்டியது. குற்றவாளியைப் பிடிப்பது ஒருவர் வேலை, வேலியைக் காப்பது இன்னொருவர் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சீருடையைப் பார்த்து ஒருவரின் அதிகாரத்தை எடைபோடவும் தெரிந்திருக்க வேண்டும். நிலையத்தில் நிற்கும் தனியார் பாதுகாவலர் உரிமம் பெற்றவர், பயிற்சி பெற்றவர். ஆனால் கைது செய்யும் அதிகாரம் அவருக்குப் பொதுமக்களில் ஒருவருக்கு உள்ள அளவே. துணைக் காவல் அதிகாரி அப்படியல்லர். அவர் தனியார் நிறுவனத்தில் சம்பளம் வாங்கினாலும், பணி நேரத்தில் காவல் சட்டத்தின்கீழ் போலீஸ் அதிகாரிக்குரிய அதிகாரங்களைப் பெற்றவர். பயணியர் சேவை நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஊழியருக்கு யாரையும் கைது செய்யும் வேலை கிடையாது. ஆயினும் கட்டுப்பாட்டு அறையையும் காவல்துறையையும் நம்மைவிட விரைவாக எட்டக்கூடியவர் அவரே.

பெட்டிக்குள் மானபங்கம் நடந்தால்

ரயிலில் நடக்கும் குற்றங்களில் நம் குடும்பங்கள் வாய்விட்டுப் பேசத் தயங்குவது இதைத்தான், ஆகவே இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்ட நெரிசலில் ஒருவர் வேண்டுமென்றே தொட்டார் என்று தெரிந்ததும், முதலில் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து, பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி, “என்னைத் தொடாதீர்கள்” என்று எந்த மொழியில் வாய்க்கு வருகிறதோ அந்த மொழியில் சொல்லுங்கள். சத்தம் கேட்டு நாலு பேர் திரும்பினால், அந்த நாலு பேரும் சாட்சிகளாகிறார்கள். பிறகு பெட்டியின் எண்ணைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் உட்புறத்திலும் அதன் எண் ஒட்டப்பட்டிருக்கும்; தினமும் பயணம் செய்பவர்களும் அதைக் கவனிப்பதில்லை. அந்த எண், ரயில் சென்ற திசை, கடைசியாகக் கடந்த நிலையம், கைப்பேசியில் காட்டும் நேரம் ஆகிய நான்கையும் உடனே குறித்துக்கொண்டால், கேமராப் பதிவில் தேட வேண்டிய இடம் பல மணி நேரத்திலிருந்து சில நிமிடங்களாகச் சுருங்கிவிடும்.

அடுத்தது, எப்படிச் சொல்வது என்பது. ஆபத்து தொடர்கிறது என்றால் 999ஐ அழையுங்கள். அந்த ஆள் பக்கத்திலேயே நிற்கிறார், பேச அச்சமாக இருக்கிறது என்றால் 70999 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதில் முதல் வரியிலேயே இடத்தை எழுதுங்கள், கதையைப் பிறகு எழுதலாம். கதவருகே உள்ள அவசரத் தொடர்புப் பொத்தானை அழுத்தினால் ரயில் ஊழியர் பேசுவார். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு வழித்தடங்களில் முன்னால் ஓட்டுநர் இருக்கிறார். 2003இல் திறந்த வடகிழக்கு வழித்தடம் தொடங்கி அதன்பின் வந்த வட்டப் பாதை, டவுன்டவுன், தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் ஆகியவற்றில் ஓட்டுநரே கிடையாது என்பதால் குரல் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து வரும். பொத்தானை அழுத்தியதும் ரயில் சுரங்கத்தின் நடுவில் நின்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். பொதுவாக அது அடுத்த நிலையம்வரை செல்லும். உதவிக்கு ஆள் வந்து காத்திருக்க வசதியான இடமும் அதுதான். தேவையில்லாமல் அழுத்தினால் 5,000 வெள்ளிவரை அபராதம் உண்டு என்ற எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, தேவையான நேரத்திலும் கையை இழுத்துக்கொள்ள வேண்டாம். மயங்கி விழுந்தவருக்கும், கைகலப்பில் சிக்கியவருக்கும், மானபங்கத்துக்கு ஆளானவருக்கும் அது வைக்கப்பட்டிருக்கிறது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று எண்ணுவது இயல்பு. அப்படிச் செய்ததால் புகார் செல்லாது என்று பொருளில்லை, அடுத்த நாளும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். ஆனால் கேமராப் பதிவுகள் என்றென்றைக்கும் வைத்திருக்கப்படுவதில்லை, சாட்சிகளும் அடுத்த நிலையத்தில் கலைந்துவிடுவார்கள். மானபங்கக் குற்றத்துக்கான அதிகபட்சச் சிறைத்தண்டனை 2022இல் மூன்று ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. அபராதமும் பிரம்படியும் உண்டு. பாவாடைக்குக் கீழே கைப்பேசியை நீட்டிப் படம் எடுப்பது 2020 முதல் தனிக் குற்றமாகவே சட்டத்தில் இருக்கிறது. இவ்வளவு கடுமையான குற்றம் என்பதாலேயே, சந்தேகப்படும் ஆளின் முகத்தைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுவதை நான் ஆதரிப்பதில்லை. படத்தைக் காவல்துறையிடம் கொடுங்கள். ஆள் மாறியிருந்தால் இணையத்தில் போட்ட படத்தைத் திரும்பப் பெற வழியில்லை.

ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்தலாமா? கண்ணெதிரே நடந்த கடுமையான சில குற்றங்களுக்குப் பொதுமக்களும் கைது செய்யக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. பிடித்தவரைத் தாமதமின்றிக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். சட்டம் இடம் தருவதால் மட்டும் நீங்கள் பாய வேண்டியதில்லை. அவர் எந்த வாயிலில் வெளியேறினார், என்ன சட்டை, என்ன பை என்று சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி.

கேட்பாரற்ற பை

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லிட்டில் இந்தியா நிலைய மேடையின் இருக்கையருகே ஒரு துணிப்பை. மேலே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. தேக்காவில் வாங்கிய காய்கறிதான் என்று பார்த்தவர் எல்லாரும் முடிவுசெய்து கடந்துபோனார்கள், நானும் இரண்டடி கடந்தேன். பிறகு திரும்பி வந்து, அங்கு நின்ற ஊழியர் தம்பி ஒருவரிடம், “இந்தப் பைக்கு ஆள் இல்லை, ஐந்து நிமிடமாகப் பார்க்கிறேன்” என்றேன். அவர் பையைத் தொடவில்லை. சற்றுத் தள்ளி நின்று கருவியில் பேசினார், எங்களையும் நகரச் சொன்னார். அதற்குள் அடுத்த ரயிலிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்து, “அண்ணே, அது என்னுது அண்ணே” என்றார். சிரித்துக்கொண்டே பெயரைக் கேட்டுக்கொண்டார்கள், அதோடு முடிந்தது.

எப்போதும் அப்படி முடிவதில்லை. 2017 ஏப்ரலில் ஹவ்காங் நிலையத்தில் ஒருவர் பையை வைத்துவிட்டு வேறு வேலையாகப் போக, நிலையத்தையே சற்று நேரம் மூட வேண்டியதாயிற்று. பைக்குள் இருந்தவை வீட்டுப் பொருட்களே என்றாலும் அவர் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. அதே மாதம் உட்லீ நிலையத்தில் வெள்ளைப் பொடி கிடந்ததால் ரயில்கள் நிற்காமல் சென்றன. சோதித்துப் பார்த்தபோது அது சமையல் மாவு. இவ்விரண்டையும் கேலியாக நினைவுகூர்பவர்கள் உண்டு. பையைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் அது என்னவென்று யாருக்கும் தெரியாது என்பதே என் பதில். தொடாதீர்கள், திறக்காதீர்கள், வேறிடத்துக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். தள்ளி நின்று ஊழியரிடமோ 999இலோ சொல்லுங்கள். உங்கள் பையை மறந்து இறங்கிவிட்டால் வெட்கப்படாமல் உடனே சேவை நிலையத்தில் சொல்லிவிடுங்கள்.

பைச் சோதனை

நுழைவாயிலில் மேசை போட்டு நிற்பவர் பையைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டுங்கள். மறுத்தால் உள்ளே விடாமலிருக்க அவருக்கு உரிமை உண்டு. தோற்றத்தைப் பார்த்து அழைக்கிறார்களோ என்ற மனக்கசப்பு நம்மவர் சிலரிடம் இருப்பதை நான் அறிவேன். அப்படித் தோன்றினால் அங்கேயே வாதாடாமல், நாள், நேரம், வாயில் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ரயில் நிறுவனத்துக்கு எழுதுங்கள். எழுத்தில் வந்த புகாரைப் புறக்கணிப்பது கடினம். ஊழியரைத் திட்டுவது தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்காகவும் ஆகக்கூடும். டெல்லியைப் போல எல்லாப் பைகளையும் எல்லா நேரமும் கருவியில் போடலாமே என்று கேட்பவர்களுக்கு: 2018 இறுதியில் இங்கும் சில நிலையங்களில் சோதனைக் கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். காலை எட்டு மணிக்கு ஜூரோங் ஈஸ்ட்டில் நின்றவர்களுக்கு, வாயிலில் தேங்கும் கூட்டமே ஓர் இலக்காகிவிடும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கத்தியோடு ஒருவர் தாக்குகிறார் என்றால் ‘ஓடு, ஒளிந்துகொள், சொல்’ என்ற வரிசையை மாற்றாதீர்கள். 2016இல் தொடங்கிய எஸ்ஜி செக்யூர் இயக்கம் கற்றுத்தரும் பாடம் இது. கைப்பேசியை உயர்த்திப் படமெடுப்பது இந்த வரிசையில் எங்கும் இல்லை. கண்காணிப்பில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்களுக்காக 2019இல் டிரான்ஸ்காம் ‘ரைடர்ஸ் ஆன் வாட்ச்’ திட்டத்தைத் தொடங்கியது; பின்னர் அது காவல்துறையின் ‘கம்யூனிட்டி வாட்ச்’ திட்டத்தோடு இணைக்கப்பட்டது, இப்போது அதில் சேரலாம். பயணிகளாகவே இருந்துகொண்டு காவல்துறைக்குத் தகவல் தரும் ஏற்பாடு அது.

ஆங்கிலம் தயங்கும் பெற்றோருக்கு ஒரு சிறு ஏற்பாடு செய்து தாருங்கள். 999, 70999, 995 ஆகிய மூன்றையும் அவர்கள் கைப்பேசியில் தமிழிலேயே பெயரிட்டுச் சேமியுங்கள். முதலாவது காவல்துறை, இரண்டாவது காவல்துறைக்குக் குறுஞ்செய்தி, மூன்றாவது ஆம்புலன்ஸ். 999இல் “டமில்” என்ற ஒரு சொல்லையும் நிலையத்தின் பெயரையும் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும் என்று என் அம்மாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். வாக்குமூலம் தரும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, புரிந்த பிறகே கையொப்பமிடச் சொல்லுங்கள், புகார் எண்ணையும் வாங்கிவரச் சொல்லுங்கள்.