அணுக்களைப் பிடித்து வைக்கும் பொறியை அவசரமாகத் தளர்த்துவது எப்படி, உள்ளே எதையும் கலக்காமல்

வெப்பம் உள்ளே வராத, வெளியே போகாத அமைப்பு ஒன்றில் எதையாவது மாற்றும்போது தேவையில்லாத கிளர்ச்சி மிஞ்சக்கூடாது என்றால், பாடப்புத்தகம் சொல்லும் ஒரே வழி மெதுவாகப் போ என்பதுதான். அவசரப்பட்டால் கூடுதலாகச் செய்த வேலை தப்பிக்க வழியில்லாமல் ஊசலாட்டமாக உள்ளேயே தங்கிவிடும். ஆனால் எவ்வளவு மெதுவாக? அணுக்களைப் பிடித்து வைத்திருக்கும் சீரிசைப் பொறியை (நடுவிலிருந்து விலகும் தூரத்துக்கு ஏற்ப அணுக்களை உள்ளே இழுக்கும் பொறி, அதிர்வெண் குறைந்தால் பிடி தளரும்) 250 ஹெர்ட்ஸிலிருந்து 2.5 ஹெர்ட்ஸுக்குத் தளர்த்துகிறோம் என்று வையுங்கள். கடைசியில் ஒரு அலைவுக்கே 400 மில்லிவினாடி ஆகும், மெதுவாக என்றால் அப்படிப் பல அலைவுகள் காத்திருக்கவேண்டும். அதற்குள் பாதி அணுக்கள் பொறியை விட்டே போயிருக்கலாம்.

சரி, குறுக்குவழிக்கு வருவோம். எல்லோரும் முதலில் அதிர்வெண் வளைகோட்டை வரைந்துவிட்டு அணுக்கள் என்ன ஆகின்றன என்று பார்ப்பார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்: அணுக்கூட்டத்தின் அகலம் எப்படி வளரவேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு எந்த அதிர்வெண் தேவை என்று பின்னோக்கிக் கணக்கிடுங்கள். தொடக்க அகலத்தோடு ஒப்பிட்ட விகிதம் ப என்றால், அது 1-இல் தொடங்கி அதிர்வெண் விகிதத்தின் வர்க்கமூலத்தில், இங்கே 10-இல், முடியவேண்டும், இரு முனையிலும் அதன் முதல், இரண்டாம் வகைக்கெழுக்கள் பூஜ்ஜியமாக இருக்கவேண்டும். கழிந்த நேரத்தின் பின்னத்தை ச என்று எடுத்தால் இது போதும்:

ப = 1 + 9(10ச³ − 15ச⁴ + 6ச⁵)

இதை அகலத்தையும் அதிர்வெண்ணையும் இணைக்கும் எர்மகோவ் சமன்பாட்டில் போட்டால் கோண அதிர்வெண்ணின் (அதிர்வெண்ணை 2π-ஆல் பெருக்கியது) வர்க்கம் கிடைத்துவிடும்: தொடக்கக் கோண அதிர்வெண்ணின் வர்க்கத்தை ப⁴-ஆல் வகுத்து, அதிலிருந்து ப-இன் இரண்டாம் வகைக்கெழுவை ப-ஆல் வகுத்துக் கழியுங்கள். அந்த வகைக்கெழு உண்மையான நேரத்தைப் பொறுத்தது, ச-ஐப் பொறுத்தது அல்ல, மொத்த நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க மறந்து ஒரு மாலை முழுக்க வீணடித்திருக்கிறேன்.

மொத்த நேரத்தை ஏறத்தாழ 25 மில்லிவினாடிக்குக் கீழே இறக்கினால் நடுவில் கோண அதிர்வெண்ணின் வர்க்கம் எதிர்மறையாகிவிடும், அதாவது பொறி கொஞ்ச நேரம் அணுக்களை வெளியே தள்ளவேண்டும். கணிதத்துக்கு ஆட்சேபணை இல்லை, உங்கள் கருவியால் முடியாது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இலவசமும் இல்லை: நேரத்தைக் குறைக்கக் குறைக்க இடைவழியில் ஆற்றல் எகிறும்.

2009-இல் இயற்பியலாளர் மைக்கேல் பெர்ரி காட்டிய வழியும் இருக்கிறது, கிளர்ச்சியை அப்படியே ரத்து செய்யும் கூடுதல் உறுப்பு ஒன்றை அமைப்பின் ஆற்றல் கோவையில் சேர்ப்பது. காகிதத்தில் அழகு, ஆனால் இங்கே அந்த உறுப்பில் இடமும் உந்தமும் பெருக்கலாக வரும், அதை ஆய்வகத்தில் நேரடியாக உண்டாக்குவது பெரும்பாடு. நான் முதல் வழியைத்தான் எடுப்பேன்.

அப்புறம், கருவியில் ஏற்றுவதற்கு முன் அதிர்வெண்ணை வேண்டுமென்றே 1 சதவீதம் பிசகவிட்டு அதே எர்மகோவ் சமன்பாட்டை முன்னோக்கி ஓட்டிப் பாருங்கள், கடைசியில் ப நிற்காமல் ஊசலாடினால் மொத்த நேரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.