தசமபாகம் பத்தி பேசும்போது நாம திரும்பத் திரும்ப பண்ற தப்புகள்

தசமபாகம்னு, அதாவது பத்துல ஒரு பங்கு காணிக்கைன்னு பேச்சு எடுத்தாலே உடனே வர்ற வசனம் பைபிள்ல மல்கியா 3:10 தான். சபைக்குப் போறவங்க நிறைய பேருக்கு மனப்பாடம். ஆனா அதுல ஒரு வார்த்தைய நாம கவனிக்காமலே தாண்டிப் போயிடுறோம். "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படித் தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்"னு தான் இருக்கு. ஆகாரம், அதாவது சாப்பாடு. பண்டசாலைன்னா ஆலயத்துல தானியமும் எண்ணெயும் சேத்து வைக்கிற அறை. நெகேமியா 13ம் அதிகாரத்தையும் கூட வச்சுப் படிச்சா அந்தக் காலத்து நிலைமை அப்படியே புரியும், ஆலய ஊழியத்துக்குன்னு இருந்த லேவி கோத்திரத்தாருக்கு (லேவியருக்கு) வரவேண்டிய பங்கு வரல, ஆலயத்துல பாடுறவங்களும் வேலை பாக்குறவங்களும் பொழப்புக்காக அவங்கவங்க வயலுக்குப் போயிட்டாங்க, யூதாவோட ஆளுநரா இருந்த நெகேமியா வந்து தலைவர்கள கண்டிச்சப்புறம் தான் ஜனங்க தானியமும் திராட்சரசமும் எண்ணெயும் கொண்டு வந்தாங்க, அத சரியா பங்கு போட நம்பிக்கையான நாலு பேர வச்சாரு.

இத தெரிஞ்சுக்காம தசமபாகம்னா சம்பளத்துல பத்து பர்சன்ட்னு நேரா எடுத்துக்கிறது தான் முதல் தப்பு. லேவியராகமம் 27 சொல்றது நிலத்தோட விளைச்சல், மரத்தோட கனி, ஆடு மாடு, இவ்வளவு தான். மேய்ப்பன் கோலுக்குக் கீழ ஒவ்வொண்ணா கடந்து போகும்போது பத்தாவதா வர்றது கர்த்தருக்கு, நல்லதா இளைச்சதான்னு பாத்து மாத்தக் கூடாது. தச்சன் கூலி, மீன்பிடிக்கிறவன் வருமானம் எதுவும் அந்தப் பட்டியல்ல கிடையாது. அப்ப காசே இல்லாத காலமான்னு கேட்டா அதுவும் இல்ல, ஆலயத்துக்கு அரை சேக்கல் (வெள்ளிக் காசு) வரி தனியா இருந்துச்சு. பணத்துல பத்துல ஒண்ணு குடுக்கிற பழக்கம் யூதர்கள்ட்டயும் உண்டு, மாசேர் கெசாஃபிம்னு சொல்வாங்க, ஆனா அது பின்னால வளந்த வழக்கம், தோரால (மோசேயோட அஞ்சு புத்தகங்கள்ல) நேரடியா இருக்கிற கட்டளை இல்ல.

அடுத்தது, தசமபாகம் ஒண்ணே ஒண்ணு தான்னு நினைக்கிறது. மிஷ்னா (யூத வாய்மொழிச் சட்டங்களோட பழைய தொகுப்பு) காலத்து கணக்குப்படி ஒரு விவசாயி அறுவடை முடிஞ்சதும் முதல்ல ஆசாரியருக்கு தெருமாங்கிற காணிக்கைப் பங்க எடுத்து வைப்பான், தாராள மனசுக்காரன் 40ல ஒரு பங்கு, நடுத்தரம் 50ல ஒண்ணு, கையிறுக்கம்னா 60ல ஒண்ணு. மிச்சத்துல பத்துல ஒரு பங்கு லேவியருக்கு, அந்த லேவியரும் தனக்கு வந்ததுல பத்துல ஒண்ண ஆசாரியருக்குக் குடுக்கணும். அதுக்கப்புறம் இருக்கிறதுல ரெண்டாவது தசமபாகம். இதுல தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயமே இருக்கு. உபாகமம் 14 படிங்க, இந்த ரெண்டாவது தசமபாகத்த யார்ட்டயும் குடுக்கிறது இல்ல, எருசலேமுக்குக் கொண்டு போய் குடும்பத்தோட நீங்களே சாப்பிடணும்! தூரம் அதிகமா இருந்தா வித்துக் காசாக்கி முடிஞ்சுக்கிட்டு போயி அங்க ஆடு, மாடு, திராட்சரசம்னு மனசுக்குப் பிடிச்சத வாங்கி கர்த்தருக்கு முன்னால சந்தோஷமா சாப்பிடலாம், லேவியனையும் விட்டுடாம கூப்பிட்டுக்கணும். ஏழு வருஷ சுத்துல 1, 2, 4, 5 இந்த வருஷங்கள்ல இப்படி. 3வது, 6வது வருஷத்துல அதே பங்கு ஊர்லயே ஏழைங்க, பரதேசிங்க (வெளியிடத்துல இருந்து வந்து குடியிருக்கிறவங்க), திக்கற்ற பிள்ளைங்க, விதவைகளுக்குப் போகும். 7வது வருஷம் நிலத்துக்கே ஓய்வு, அதனால தசமபாகமும் இல்ல. (மூணாவது வருஷ பங்கு கூடுதலா தனியா குடுக்கணும்னு முதல் நூற்றாண்டு யூத வரலாற்று எழுத்தாளர் ஜோசிபஸ் எழுதுறாரு, அதனால எல்லாரும் ஒரே கணக்குல இருந்தாங்கன்னும் சொல்லிடாதீங்க.) இவ்வளவையும் விட்டுட்டு "எல்லாம் ஆலயத்துக்கு"ன்னு ஒரே வரில முடிச்சா அந்த விதவையோட பங்கு காணாமப் போயிடுது, எனக்கு வருத்தமே அது தான்.

ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு (மோசே மூலமா வந்த சட்டத்துக்கு) முன்னாடியே குடுத்தாருன்னு சொல்வாங்க. குடுத்தாரு, உண்மை தான். ஆனா சாலேம் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குக் குடுத்தது போர்ல மீட்ட பொருள்ல, எபிரெயர் 7 கூட அப்படித்தான் சொல்லுது. மாசாமாசம் குடுத்தாருன்னு ஆதியாகமம் எங்கயும் சொல்லல. மிச்சத்த அவர் வச்சுக்கவும் இல்ல, கூட வந்தவங்க பங்கு போக ஒரு நூல் கூட வேணாம்னு சோதோம் ராஜாட்ட சொல்லிட்டாரு.

ஆதிச்சபை தசமபாகம் வசூல் பண்ணுச்சுன்னு நினைக்கிறதும் தப்பு. பவுல் கொரிந்தியருக்கு எழுதினப்ப பத்துல ஒண்ணுன்னு எந்த இடத்துலயும் கேக்கல, வாரத்தோட முதல் நாள்ல வரவுக்குத் தக்கபடி சேத்து வைங்கன்னாரு, விசனமா வேணாம் கட்டாயமா வேணாம்னாரு, அந்தப் பணமும் எருசலேம்ல கஷ்டப்பட்ட ஏழைகளுக்குத் தான். சுமார் 155ல ரோம்ல கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதினதுலயும் வசதியும் மனசும் இருக்கிறவங்க தாங்க நினைச்சத குடுக்குறாங்க, அது அனாதைங்க, விதவைங்க, நோயாளிங்க, ஜெயில்ல இருக்கிறவங்க, வழிப்போக்கருக்குப் போகுதுன்னு தான் வருது. வட ஆப்பிரிக்கால இன்னொரு கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன், 197 வாக்குல, மாசத்துக்கு ஒரு தடவ, விருப்பமும் முடிவும் இருந்தா மட்டும், யாரையும் கட்டாயப்படுத்துறது இல்லன்னு சொல்றாரு, ஏழைய அடக்கம் பண்ற செலவு கூட அதுல இருந்து தான். 251 வாக்குல ரோம் சபை 1,500க்கு மேல விதவைகளையும் இல்லாதவங்களையும் பராமரிச்சுது, அது ரோம் பிஷப் கொர்நேலியு எழுதின கடிதத்துல இருக்கு. தசமபாகம் குடுக்கலன்னா சபைய விட்டு விலக்குவோம்னு பிஷப்புகள் கூடின ஒரு சங்கம் தீர்மானம் போட்டது 585ல, கால் (Gaul, இன்னைக்கு பிரான்ஸ்) நாட்டு மாக்கோன்ல. எத்தனை நூற்றாண்டு கழிச்சுன்னு பாருங்க.

இதச் சொன்னதும் சிலர் எதிர்ப்பக்கம் போயிடுவாங்க, யூத மார்க்கம் வெறும் சட்டம், கிறிஸ்தவம் தான் அன்புன்னு. தயவுசெஞ்சு அப்படி எழுதாதீங்க. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகத்துல கூட தசமபாகம் குடுத்துட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுட்டீங்கன்னு பரிசேயர இயேசு கண்டிச்ச அந்த இடத்துலயே (மத்தேயு 23:23) அந்த தசமபாகத்தையும் விடக்கூடாதுன்னு தான் சொல்றாரு. வயல் ஓரத்த அறுக்காம ஏழைக்கு விடுறது, கீழ விழுந்த கதிரப் பொறுக்காம விடுறது எல்லாம் தோராலயே இருக்கு. மிஷ்னா இன்னும் நுணுக்கமா போகுது, ஊர்ல ரெண்டு ஏற்பாடு, அன்னன்னைக்கு சாப்பாடு குடுக்கிறது தம்ஹூய், வாரம் ஒரு தடவ பணம் குடுக்கிறது குப்பா. குப்பா பணத்த வசூல் பண்ண ரெண்டு பேர் சேந்து தான் போகணும், பங்கு போட மூணு பேர் இருக்கணும்.

இதே ஜாக்கிரதைய பவுல்ட்டயும் பாக்கலாம். வசூலான பணத்தப் பத்தி யாரும் குறை சொல்லக்கூடாதுன்னு சபைகளே தெரிஞ்செடுத்த ஒரு சகோதரனையும் தன் உடன் ஊழியர் தீத்து கூட அனுப்பினாரு. அதுக்கும் முன்னாடியே எழுதிட்டாரு, நீங்க யாரத் தகுதின்னு சொல்றீங்களோ அவங்க கைல தான் எருசலேமுக்குக் குடுத்தனுப்புவேன்னு.