நாலு துண்டுப் பாடம்: பிள்ளைகளே பிள்ளைகளுக்குப் படிப்பிக்க

குழுவாக உட்காருங்கள் என்று சொன்னதும் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை பேனையைப் பிடித்து எழுதும், இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாலாவது பிள்ளை வெளியே பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ஒரே பாடத்தை நாலு பேரிடமும் கொடுத்தால் மூன்று பேருக்கு அங்கே வேலையே இல்லையே.

பாடத்தையே பிரித்துவிட்டால் கதை மாறும். 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை முதல்முறையாக ஒரே வகுப்பில் சேர்த்தபோது அவர்களுக்குள் பகை மூண்டது. அதைத் தணிக்க எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் கொண்டுவந்த முறை இது. ஒவ்வொரு பிள்ளையிடமும் பாடத்தின் ஒரு துண்டு மட்டும் இருக்கும், மற்றத் துண்டுகளைக் கூட இருப்பவர்கள் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் தேயிலை வரலாற்றை வைத்து இதைச் செய்கிறேன். 24 பிள்ளைகள் என்றால் நாலு நாலு பேராக ஆறு குழுக்கள், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு துண்டு. இதை வீட்டுக் குழு என்போம், கடைசியில் இங்கேதான் திரும்பி வருவார்கள். முதல் துண்டு கோப்பித் தோட்டங்களும் 1869ல் தொடங்கி அவற்றை அழித்த இலை நோயும். இரண்டாவது, ஜேம்ஸ் டெய்லர் 1867ல் லூல்கந்துர என்ற தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது, அப்புறம் தேயிலைக்கு வருசம் முழுக்கக் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும் என்பது. மூன்றாவது, தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைப் பக்கம் நடந்தே வந்த நம் ஆட்கள். நாலாவது ரயில்: 1867ல் கண்டி, 1885ல் நானுஓயா, 1924ல் பதுளை. ஒவ்வொன்றும் அரைப் பக்கம் போதும். போட்டோ கொப்பி எடுக்கக் காசு இல்லையென்றால் முதல் நாளே கொப்பித் தாளில் கையால் எழுதிவிடுங்கள், பாடப் புத்தகத்தை மட்டும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். புத்தகம் திறந்திருந்தால் ஒருவர் பேச்சை மற்றவர் கேட்க மாட்டார்.

இனி, ஒரே துண்டு கிடைத்தவர்களை மூன்று மூன்று பேராகச் சேர்த்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். இந்தப் பதினைந்து நிமிடத்தைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளை இங்கேதான் மற்ற இரண்டு பேர் வாசிப்பதைக் கேட்டு, ஒருமுறை சொல்லிப் பார்த்து, தன் குழுவுக்குப் போய் எப்படிச் சொல்வது என்று தயாராகிறது. இதை அவசரப்படுத்தினால் அந்தப் பிள்ளை திரும்பிப் போய் எல்லோர் முன்னாலும் திணறும், அடுத்த முறை வாயே திறக்காது. வீட்டில் பேசுகிற தமிழிலேயே விளக்கட்டும், அதைத் திருத்தப் போகாதீர்கள்.

பிறகு வீட்டுக் குழுவுக்குத் திரும்பி ஆளுக்கு நாலு நிமிடம் படிப்பிக்க வேண்டும். நீங்கள் சுற்றி வாருங்கள், ஆனால் தவறு கேட்டால் உடனே பாய வேண்டாம், "அது எந்த வருசம், இன்னொருக்கா பார்த்துச் சொல்லு" என்றால் போதும். மொத்தம் ஒரு பாடவேளைக்குள் அடங்காது, இரட்டைப் பாடவேளையில் வையுங்கள்.

நம் பக்கத்தில் பெரிய தொல்லை வரவுதான். மழை நாளில் நாலைந்து பேர் வர மாட்டார்கள், ஒரு துண்டுக்கு ஆளில்லாமல் குழு நின்றுவிடும். அதனால் துண்டுகளை வரவு பார்த்த பிறகே கொடுங்கள். ஆள் மிஞ்சினால் ஒரு துண்டுக்கு இரண்டு பேர், குறைந்தால் பக்கத்துக் குழுப் பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போகட்டும். தடுப்புச் சுவர் இல்லாத மண்டபமா? சத்தம் வரத்தான் செய்யும், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முடிந்தால் ஒரு கூட்டத்தை வாங்கோடு வெளியே தாழ்வாரத்தில் போடுங்கள்.

கடைசியில் ஐந்து கேள்வி, தனித்தனியாக எழுத வேண்டும், குழுவுக்கு ஒரே புள்ளி என்று கொடுக்க வேண்டாம். அதில் ஒரு கேள்வியாவது இரண்டு துண்டுகளைச் சேர்த்தால்தான் விடை வருவதாக இருக்கட்டும். நான் கேட்பது: கோப்பிக் காலத்தில் வந்து வந்து போனவர்கள் தேயிலைக் காலத்தில் ஏன் குடும்பத்தோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கினார்கள்? இரண்டாவது துண்டுக்காரரும் மூன்றாவது துண்டுக்காரரும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்களா என்பது அந்த ஒரு விடையிலேயே தெரிந்துவிடும். எந்தத் துண்டில் பல பேர் பிழைவிட்டார்களோ, அதை மட்டும் அடுத்த நாள் நீங்கள் கரும்பலகையில் திரும்பச் சொல்லுங்கள்.