பேஸ் கிட்டார்: ஃபங்க், ரெகே பழகும்போது கை சறுக்கும் இடங்கள்

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் ஒரு மாடி அறையில்தான் பேஸ் பழக ஆரம்பித்தேன். முதல் மாதம் முழுக்கக் கட்டைவிரலால் கம்பியை மொத்திக்கொண்டிருந்தேன். ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பின நடன இசை என்றாலே ஸ்லாப், அதாவது கம்பியை அடித்தும் சுண்டியும் வாசிப்பது, என்று நினைப்பு. அமெரிக்க பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் அந்த அடியைப் பிடித்தது வித்தை காட்ட அல்ல. அம்மாவோடு வாசித்த காலத்தில் டிரம்மர் கிடையாது. கட்டைவிரல் அடி கிக்குக்கு (காலால் அடிக்கும் பெரிய டிரம்) பதில், விரலால் சுண்டுவது ஸ்னேருக்கு (குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்) பதில். தாளம் நிற்காதவர் கையில் அது வெறும் சத்தம். சில மாதம் இரண்டு விரலால் மட்டும் வாசியுங்கள்.

வேகத்தை விடுங்கள். தாளம் தட்டும் கருவியான மெட்ரோநோமை நிமிடத்துக்கு 70 அடியில் வைத்து, வாயால் தகதிமி சொல்லுங்கள். அடிக்கு ஒரு தகதிமி; நாலு தகதிமி ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுற்று. மொத்தம் பதினாறு பங்கு. முதல் ‘த’வில் சுரம் கனமாக விழ வேண்டும். 1970இல் தன்னிடம் வந்து சேர்ந்த பேஸ் கலைஞர் பூட்சி காலின்ஸை ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் பிடித்து நிறுத்தியதும் இந்த ‘ஒன்’னில்தான். மீதியில் பல இடங்களில் வெறும் ‘டக்’ போதும்: இடது கை கம்பியைத் தொட்டிருக்கும், அழுத்தாது. இங்கே எல்லோரும் ஒரே விரலை வைப்பார்கள்; ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பக்கம் அது கணீரென்று ஹார்மோனிக், அதாவது மணி போன்ற மேல்சுரம், கொடுத்துவிடும். இரண்டு மூன்று விரலைப் படுக்கப் போட்டால் சத்தம் செத்துவிடும்.

அதே கையோடு ஜமைக்கா இசையான ரெகேக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். ‘ஒன் டிராப்’ தாளத்தில் முதல் அடியில் கிக் இல்லை, மூன்றாவதில்தான் விழும். கர்நாடக இசையில் சமத்தை (தாளத்தின் முதல் அடியை) விட்டுத் தள்ளி எடுப்பது நமக்குப் புதிதில்லைதான், ஆனால் கை கேட்பதில்லை. ஒரு ஜூன் 21, இசை நாள் அன்று தெருவில் வாசித்தபோது ஒவ்வொரு பாரிலும் ஒன்றில் போய் விழுந்தேன். டிரம்மர் அண்ணன் குச்சியை நிறுத்திவிட்டு, “அந்த ஒண்ணைச் சும்மா விடு தம்பி, காத்து போகட்டும்” என்றார். எல்லாப் பாட்டிலும் விட வேண்டியதில்லை. விடத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இடத்தை நிரப்பும் ஆசை. ரெகே பாடகர் பாப் மார்லியோடு வாசித்த ஆஸ்டன் ‘ஃபேமிலி மேன்’ பாரெட்டின் பேஸ் வரிகளை அப்படியே வாயால் பாடலாம். பாட வராத வரி ரெகேக்கு ஆகாது என்பது என் கட்சி.

ரெகே ஓசைக்கு, கிட்டாரில் உள்ள டோன் குமிழைக் குறையுங்கள், ஃப்ரெட்போர்டு முடியும் இடத்தில் மீட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, பிரிட்ஜ் (உடலில் கம்பியைத் தாங்கும் பாகம்) ஓரம் கம்பிக்கு அடியில் செருகினால் சுரம் ‘தும்’ என்று விழுந்து அடங்கும். போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பழகாதீர்கள். திறந்த ஈ கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், அது போனில் வராது. ஹெட்போன் போடுங்கள்.

கடற்கரை ஊரில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்ததும் துடைக்காவிட்டால் ஃபங்க்குக்கு வேண்டிய பளிச்சென்ற ஓசை போய்விடும். மங்கின கம்பி ரெகேக்கு ஓடும். நான் கம்பி மாற்றச் சோம்பல்பட்ட வாரங்களில்தான் ரெகே பழகினேன்.