சருமப் பராமரிப்புப் பொருள்களைத் தயாரித்து விற்க முனைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சோப்பு, முகச் சீரம், கூந்தல் எண்ணெய், நலங்கு மாவு ஆகியவற்றைச் சிறிய அளவில் தயாரித்து, இணையத்திலும் தீபாவளிக் காலச் சந்தைகளிலும் விற்கும் தமிழர்கள் பலர் இருக்கிறார்கள். பாட்டியின் கைப்பக்குவத்தில் தொடங்கிப் புதிய மூலப்பொருள், வாடிக்கையாளரின் சருமத்துக்கேற்ற தனிக் கலவை, அழகிய புட்டி என்று அவர்கள் அடுத்தடுத்துப் புதுமைகளைச் சேர்க்கிறார்கள். இந்த ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆனால் கலவை ஒருவர் பொறுப்பு, புட்டி கடைக்காரர் பொறுப்பு, வாடிக்கையாளர் விருப்பம் விற்பனைப் பிரிவின் பொறுப்பு என்று இம்மூன்றையும் தனித்தனியாக எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. புட்டியை மாற்றினால் கலவையின் ஆயுள் மாறும். கலவையில் ஒரு துளி கூட்டினால் கிருமிகளுக்கு எதிரான அதன் காப்பு மாறும். ஒன்றைத் தொடும்போது மற்ற இரண்டையும் மீண்டும் சோதிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் செய்தி.

தண்ணீரைக் குறைத்து மதிப்பிடுதல்

நலங்கு மாவு மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கு முதன்மைக் காரணம், அது உலர்ந்த பொடி என்பதுதான். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, பாசிப்பயறு எல்லாம் வெயிலில் காய்ந்து ஈரம் வற்றிய நிலையில் கிருமிகள் பெருக வழியில்லை. அதே மாவைப் பன்னீரிலோ கற்றாழைச் சாற்றிலோ குழைத்து, ‘உடனே பூசத் தயார்’ என்று குப்பியில் அடைத்து விற்பது புதுமையாகத் தோன்றினாலும், மாவுச்சத்தும் ஈரமும் சேர்ந்த அந்தக் குழம்பு, பாக்டீரியாவும் பூஞ்சையும் செழிப்பதற்கு ஏற்ற உணவாகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வெப்பமும் காற்றில் நிறைந்த ஈரப்பதமும் கொண்ட இந்தத் தீவில், அது கெடுவதற்கு நீண்ட நாள் தேவையில்லை.

தண்ணீர் சேர்ந்த எந்தப் பொருளுக்கும் கிருமி வளராமல் காக்கும் ப்ரிசர்வேட்டிவ் தேவை. இதற்கு வைட்டமின் ஈ போதும் என்ற நம்பிக்கை சிறு தயாரிப்பாளர்களிடம் வேரூன்றியிருக்கிறது. வைட்டமின் ஈ, எண்ணெய் காற்றுபட்டுச் சிக்கு வாடை எடுப்பதைத் தாமதப்படுத்தும், கிருமிகளைத் தடுக்காது. பொருத்தமான ப்ரிசர்வேட்டிவைத் தேர்ந்தெடுத்தவர்களும் அது எந்தச் சூழலில் வேலை செய்யும் என்று பார்க்கத் தவறுவதுண்டு. சோடியம் பென்சோயேட் என்னும் ப்ரிசர்வேட்டிவ், பிஎச் அளவு (அமில, காரத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5க்கு மேல் போனால் பெரும்பாலும் செயலிழந்துவிடும். ஆகவே பிஎச் 6.5 உள்ள க்ரீமில் அதைச் சேர்த்துவிட்டுக் காப்பு இருப்பதாக எண்ணுவது வீண் நம்பிக்கை.

அளவிடும் முறையிலும் கவனம் வேண்டும். ஃபினாக்ஸியெத்தனால் என்னும் ப்ரிசர்வேட்டிவுக்கு ஆசியான் நாடுகளில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1 விழுக்காடு. 200 கிராம் க்ரீமுக்கு அது 2 கிராம். முழு கிராம்களாக மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு, 1.5 கிராமுக்கும் 2.5 கிராமுக்கும் ‘2’ என்றே காட்டக்கூடும். அதாவது உண்மையான அளவு 0.75 விழுக்காடாகவும் இருக்கலாம், சட்ட வரம்பைத் தாண்டிய 1.25 விழுக்காடாகவும் இருக்கலாம். கரண்டிக் கணக்கில் அளப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. 0.01 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசைப் புதிய மூலப்பொருள் எதையும் வாங்குமுன் வாங்குங்கள்.

ஆசியான் வரம்புகளின்படி ஒரு கிராம் பொருளில் 1,000க்கு மேல் நுண்ணுயிர்த் திரள்கள் இருக்கக்கூடாது; மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றியும் பயன்படுத்துபவற்றில் இந்த வரம்பு 500 ஆகக் குறைகிறது. முகர்ந்து பார்த்து இதைக் கண்டறிய முடியாது. வேண்டுமென்றே ஐந்து வகைக் கிருமிகளைக் கலவையில் விட்டு, 28 நாள்களில் அவை அடங்குகின்றனவா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்கும் ஐஎஸ்ஓ 11930 என்ற அனைத்துலகத் தரச் சோதனைதான் நம்பத்தக்க வழி. அதற்குச் செலவாகும். அந்தச் செலவைத் தாங்க இயலாதவர்கள், தண்ணீரே சேராத எண்ணெய், பொடி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நேர்மையான முடிவு என்பேன்.

அச்சத்தின் அடிப்படையில் மாற்றுப்பொருள் தேடுதல்

‘பாரபென் இல்லை’ என்ற வாசகம் விற்பனைக்கு உதவுகிறது என்பதால், பலர் காரணம் ஆராயாமலேயே பாரபென் என்னும் ப்ரிசர்வேட்டிவ் வகையை நீக்கிவிடுகிறார்கள். இதன் விளைவு என்னவாகும் என்பதை உலகம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. பாரபென் மீதான அச்சம் பரவியபோது பல நிறுவனங்கள் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பொருளுக்கு மாறின. சில ஆண்டுகளில் அதனால் ஏற்பட்ட சரும ஒவ்வாமை பெருகி, அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அதை அறிவித்தது. கழுவாமல் சருமத்திலேயே விடும் பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2017இல் நடப்புக்கு வந்தது. அதே மருத்துவர் சங்கம் 2019இல், ஒவ்வாமையை அரிதாகவே உண்டாக்கும் பொருளாகப் பாரபென்களைச் சுட்டியது. ஐசோபியூட்டைல் போன்ற சில பாரபென்கள் ஆசியானில் தடை செய்யப்பட்டுள்ளன என்பதும், மெத்தில் பாரபென் வரம்புக்குட்பட்டு இன்றும் அனுமதிக்கப்படுகிறது என்பதும் இரண்டுமே உண்மை. ஒரு பொருளை நீக்கும்போது அதன் இடத்தில் என்ன வரப்போகிறது, அதைப் பற்றி எவ்வளவு காலத்து அனுபவம் இருக்கிறது என்று கேட்பதே அறிவுடைமை.

‘இயற்கை’ என்ற சொல்லும் இப்படித்தான் கவனத்தை மழுங்கடிக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு, லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள லிமோனீனும் லினலூலும் காற்றுபட்டு ஆக்ஸிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமை தரும் சேர்மங்களாக மாறுகின்றன. பச்சை எலுமிச்சைச் சாற்றிலுள்ள ஃபுரோகூமரின்கள் தோலில் பட்டு, வெயிலும் சேர்ந்தால், கொப்புளமும் நாள்பட்ட கருமையும் உண்டாகும். புற ஊதாக் கதிர்க் குறியீடு நண்பகலில் அடிக்கடி மிக உயர்ந்த நிலையைத் தொடும் சிங்கப்பூரில், எலுமிச்சை சேர்த்த வீட்டு முகப்பூச்சைப் பரிந்துரைப்பது பொறுப்பான செயலாகாது.

மஞ்சளையும் எண்ணிப் பாருங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி சிவப்பாவது காரத்தன்மையால். மஞ்சள் சோப்பு செம்பழுப்பாக மாறுவதற்கும் அதே வேதியியல்தான் காரணம். எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்யும் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை இருக்கும். நம் சருமத்தின் மேற்பரப்போ 5க்கு அருகில் இருக்கிறது. ‘சருமத்துக்கு இணையான பிஎச் கொண்ட கைவினைச் சோப்பு’ என்ற விளம்பரம் ஆகவே உண்மையாக இருக்க முடியாது.

அளவு கூடினால் பலனும் கூடும் என்று எண்ணுவது இன்னொரு பிழை. எல்-அஸ்கார்பிக் அமிலம் என்ற தூய வைட்டமின் சி, பிஎச் 3.5க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் நன்கு செல்லும். 20 விழுக்காட்டுக்கு மேல் போனால் உட்செல்லும் அளவு கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் எரிச்சல் ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு நின்றுவிடுவது சாதாரணம். முகப்பொலிவு வேண்டி வாங்கிய சீரமே கருமையைத் தந்தால், அதைக் கலந்தவர் அந்த வலியை உணர வேண்டும்.

வெயில் காப்புக் களிம்பை மட்டும் தயவுசெய்து நீங்களே கலக்காதீர்கள். துத்தநாக ஆக்சைடை வாங்கி எண்ணெயில் கலந்தால் எஸ்பிஎஃப் என்னும் வெயில் காப்பு எண் வந்துவிடாது. துகள்கள் திரளாமல் சீராகப் படர்வதில்தான் காப்பு இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசி மனிதத் தோலில் அளந்த பிறகே அந்த எண்ணை எழுத முடியும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு கலவை

வாடிக்கையாளரிடம் பத்துக் கேள்விகள் கேட்டு, அவர் பெயர் அச்சிட்ட குப்பியில் தனிக் கலவை தருவது இப்போது பெரிதும் விரும்பப்படுகிறது. இதன் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. மூன்று அடிப்படைக் க்ரீம்களும் பத்துச் செறிவூட்டும் சாறுகளும் வைத்துக்கொண்டு, எவையேனும் இரண்டு சாறுகளைச் சேர்க்கலாம் என்று அறிவித்தால், 135 வெவ்வேறு பொருள்கள் உருவாகின்றன. ஒவ்வொன்றிலும் பிஎச் சற்று மாறும், ப்ரிசர்வேட்டிவ் சற்று நீர்த்துப்போகும், சிலவற்றில் எண்ணெயும் நீரும் பிரியும். அடிப்படைக் க்ரீமை மட்டும் சோதித்துவிட்டு 135ஐயும் விற்பது, 134ஐச் சோதிக்காமல் விற்பதைவிடவும் மோசம். ஏனெனில் அந்த அடிப்படைக் க்ரீமைத் தனியாக யாருமே வாங்கப்போவதில்லை.

சாறுகளைக் குறைப்பது முதல் தீர்வு. சேர்க்கும் மொத்த அளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அந்த உச்சத்தில் மிகப் பலவீனமாகும் கலவை எதுவோ அதைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பது அடுத்தது. பிஎச் 3இல் வாழும் வைட்டமின் சியையும் 5 முதல் 7 வரையில் நிலைக்கும் நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 வகையையும் ஒரே குப்பியில் திணிக்காமல், காலைக்கு ஒன்று இரவுக்கு ஒன்று என்று பிரித்துத் தருவது சில நேரங்களில் எந்தத் தொழில்நுட்பத்தையும்விட நல்ல ‘தனிப்பயன்’ ஆகும்.

முகப் படத்தை வைத்துச் சருமத்தை எடைபோடும் செயலிகளை நம்பும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் கருநிறப் பெண்கள் விஷயத்தில் 34.7 விழுக்காடு வரை தவறின. வெளிர்நிற ஆண்களில் தவறு 0.8 விழுக்காட்டுக்கு மேல் போகவில்லை. அது சரும ஆய்வுச் செயலி பற்றிய ஆய்வன்று. எனினும், எந்த நிறத்தவரின் படங்களைக் கொண்டு ஒரு மென்பொருள் பழக்கப்பட்டது என்று கேட்க வேண்டிய அவசியத்தை அது காட்டுகிறது. வெளிர்நிறத் தோலில் சிவப்பாகத் தெரியும் எரிச்சல், நம் தோலில் பழுப்பாகவோ ஊதாவாகவோ தோன்றும். சிவப்பை மட்டும் தேடும் செயலி அதை ‘ஆரோக்கியமான சருமம்’ என்றே சொல்லும். வாடிக்கையாளர் அனுப்பும் முகப் படங்கள் தனிநபர் தரவு என்பதால், அவற்றை ஒப்புதலின்றி விளம்பரத்தில் போடுவதும் காலவரையின்றிக் கைப்பேசியில் வைத்திருப்பதும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முரணாகலாம்.

புட்டியைக் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுத்தல்

வைட்டமின் சி, ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) ஆகியவற்றை நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைப்பது, பாடுபட்டுச் செய்த கலவையை ஒளிக்குப் பலி கொடுப்பதாகும். பழுப்புக் கண்ணாடி ஒளியைத் தடுக்கும். ஆனால் சொட்டுக்குழாயை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புதிய காற்று உள்ளே போகிறது. அடியிலுள்ள தட்டு மேலெழும்பிப் பொருளைத் தள்ளும் ஒளிபுகாத ஏர்லெஸ் பம்ப் இவ்விரு குறைகளையும் பெருமளவு தீர்க்கிறது, விரல் உள்ளே போகாததால் கிருமியும் குறைகிறது. ஆயினும் கெட்டியான களிம்பை அது இழுக்காது. சில பம்புகளின் உலோகச் சுருள்வில் அமிலக் கலவையில் துருப்பிடிக்கும். எண்ணெய்ச் சாறுகள் சில பிளாஸ்டிக் வகைகளை இளக்கிவிடும். ஆகவே இறுதியில் விற்கப்போகும் அதே புட்டியில் அடைத்து, 40 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது வழக்கம். குளிரூட்டிய அறையில் அழகாக உறைந்திருந்த தேங்காய் எண்ணெய்க் களிம்பு, விநியோக வாகனத்தில் உருகி வழியும். அந்த எண்ணெய் உருகுவது ஏறக்குறைய 24 டிகிரியிலேயே.

மூங்கில் மூடிகள் சுற்றுச்சூழலுக்கு உகந்தவை என்று விற்கப்படுகின்றன. உள்ளே பிளாஸ்டிக் ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைப் பிரித்து மறுசுழற்சி செய்ய முடியாது. ஈரமான குளியலறையில் பூசணமும் பிடிக்கும். எரித்த குப்பையின் சாம்பலைத் தாங்கும் செமாக்காவ் குப்பை நிரப்புமிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ள நாட்டில், குப்பையைக் குறைக்கும் அக்கறை மெய்யானது. அதற்கு ஒரே வகைப் பிளாஸ்டிக்கால் முழுவதும் செய்த பம்பும், தேவையற்ற வெளிப்பெட்டியை விடுவதும் உதவும். மீண்டும் நிரப்பும் சேவையைத் தரலாம், ஆனால் பழையதன் மேல் புதியதை ஊற்றக் கூடாது. காலியாக்கி, கழுவி, முழுவதும் உலர்த்திய பிறகே நிரப்ப வேண்டும்.

சட்டமும் ஒட்டுவில்லையும்

இங்கே அழகுப் பொருளை விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்ததை ‘ஆணையம் அங்கீகரித்தது’ என்று எழுதுவது தவறு. பாதுகாப்புக்கான பொறுப்பு விற்பவரிடமே இருக்கிறது. எக்ஸிமா குணமாகும், முகப்பரு தீரும் என்று எழுதினால் அது அழகுப் பொருளின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருந்ததாகவும், மூலிகை என்று விற்கப்பட்ட க்ரீம்களில் வீரியமான ஸ்டீராய்டு இருந்ததாகவும் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆகவே ஊரிலிருந்து மூட்டையாக வரவழைத்த க்ரீமுக்கு உங்கள் பெயர் ஒட்டி விற்குமுன், பத்து லட்சம் பங்கில் ஈயம் 20 பங்கு, பாதரசம் 1 பங்கு என்ற வரம்புகளுக்குள் அது இருக்கிறது என்ற ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். கண்மைக்கும் இது பொருந்தும்.

ஒட்டுவில்லையில் எல்லா மூலப்பொருள்களும் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக இருக்க வேண்டும். 1 விழுக்காட்டுக்குக் கீழுள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். 30 மாதத்துக்குள் கெடும் பொருளுக்குக் காலாவதித் தேதி கட்டாயம். தயாரிப்புத் தொகுதி எண்ணைப் பலர் அலங்காரமாக நினைத்து விட்டுவிடுகிறார்கள். ஒருவருக்கு முகம் வீங்கியது என்று தகவல் வரும் நாளில், அதே தொகுதியை வாங்கிய மற்றவர்கள் யார் என்று அன்றே கண்டறிந்து எச்சரிக்க அந்த எண் ஒன்றே வழி. தனிக் கலவை விற்பவர்கள் ஒவ்வொரு குப்பிக்கும் எந்த அடிப்படைக் க்ரீம், எந்தச் சாறு, எந்தத் தொகுதியிலிருந்து என்பதை எழுதிவைப்பதோடு, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குப்பியைக் குளிரூட்டாத அறையில் எடுத்துவைத்து, அதன் நிறம், மணம், பிஎச் மூன்றையும் காலாவதி நாள்வரை மாதந்தோறும் குறித்துவர வேண்டும்.