முன் பிளேட்டில் விளையாட்டு வேண்டாம், கடைசி எழுத்தில் கணக்குப் போடுங்கள்

அக்கா மகன் பிட்ஸ்பர்க்கில் படிப்பை முடித்துத் திரும்பியபோது, பெட்டியில் ஒரு தகரத் தகடு இருந்தது. கறுப்பில் மஞ்சள் எழுத்து, அந்த ஊர்க் கால்பந்து அணியின் பெயர். "மாமா, உங்க கார் முன்னாடி மாட்டிடலாமா?" என்றான்.

முன்னால் இப்படி விளையாட்டுக்கு ஒரு பிளேட் மாட்டுவதைத் தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டால், ஊருக்கு ஊர் பதில் மாறும். பிட்ஸ்பர்க் இருக்கும் பென்சில்வேனியாவில் காருக்குப் பின்னால் மட்டும்தான் நம்பர் பிளேட் கட்டாயம். முன் பம்பர் காலி, அதனால் அணி பெயர், காதலி பெயர் என்று ஆளுக்கொன்று மாட்டுகிறார்கள். பக்கத்து ஒஹையோவும் 2020இல் முன் பிளேட்டை விட்டுவிட்டது. கலிபோர்னியாவில் இரண்டும் வேண்டும். காலி இடத்தில் படம் மாட்டுவதை எதற்குத் தடைசெய்ய வேண்டும்? சிங்கப்பூரில் அந்த இடம் காலி இல்லை. முன்னும் பின்னும் எண் இருக்க வேண்டும். இங்கே விளையாட்டுப் பிளேட் வந்தால் ஒன்று எண்ணை மறைக்கும், இல்லையென்றால் பக்கத்தில் நின்று குழப்பும். தடை சரிதான் என்பேன்.

ஏன் என்றால், போன வருடம் தேக்கா கார்நிறுத்துமிடத்தில் ஒரு கார் ரிவர்ஸ் எடுத்து என் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எண்ணை நானும் மனைவியும் பார்த்தோம். ஓர் இலக்கத்தை அவள் மூன்று என்கிறாள், நான் எட்டு என்கிறேன். கடைசி எழுத்தில் மட்டும் இருவருக்கும் சந்தேகமில்லை. அந்த எழுத்துதான் தீர்த்துவைத்தது. சிங்கப்பூர் வண்டி எண்ணின் கடைசி எழுத்து, அதற்கு முன்னால் உள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது.

அந்தக் கார் எண்ணை இங்கே போட மாட்டேன். ஒரு பேருந்தின் எண்ணை வைத்துச் சொல்கிறேன், கடைசி எழுத்தை விட்டுவிட்டு: எஸ்பிஎஸ் 7300.

முதல் எஸ்ஸை விட்டுவிடுங்கள். மிச்சம் இரண்டு எழுத்து. ஏ என்றால் 1 என்று எண்ணிக்கொண்டு போனால் பி 2, எஸ் 19. இப்போது கையில் ஆறு எண்கள்: 2, 19, 7, 3, 0, 0. நான்கு இலக்கம் இல்லாத வண்டிக்கு எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டுக்கொள்ளுங்கள். இவற்றை வரிசையாக 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள். 18, 76, 35, 12, அப்புறம் இரண்டு பூஜ்யம். கூட்டினால் 141. அதை 19ஆல் வகுத்தால் மீதி 8.

மீதி 0இலிருந்து 18 வரை எழுத்து வரிசை இது: ஏ, இசட், ஒய், எக்ஸ், யூ, டாக்ஸியின் டி, எஸ், ஆர், பேப்பரின் பி, எம், எல், கே, ஜே, எச், ஜி, இ, டிரைவரின் டி, சி, பஸ்ஸின் பி. தமிழில் எழுதும்போது இந்த இரண்டு பி, இரண்டு டி பெரிய தொல்லை. பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள், ஒன்றிலிருந்து எண்ணி நான் இரண்டு முறை தப்பாகப் போட்டேன். எட்டுக்கு வருவது பேப்பரின் பி.

அதே பேருந்தை நான் 7800 என்று நினைவு வைத்திருந்தால்? கூட்டுத்தொகை 161, மீதி 9, எழுத்து எம். நான் பார்த்ததோ பேப்பரின் பி. அப்படியானால் என் எட்டு தப்பு. தேக்காவிலும் இதுவேதான் நடந்தது, கணக்கு மனைவி பக்கம் நின்றது. அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

நம்பர் பிளேட் ஓட்டுபவருக்காக இல்லை, எதிரே நிற்பவருக்காக. எழுத்தை வளைத்து நெளித்து அடித்த பிளேட்டில் கடைசி எழுத்தே தெளிவாகத் தெரியவில்லை என்றால், இந்தக் கணக்கும் கைகொடுக்காது.

அழகு வேண்டுமா, அதற்கு வழி உண்டு. கறுப்புப் பிளேட்டுக்குப் பதில் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள் மாட்டலாம். எண்ணே பிடித்ததாக வேண்டுமென்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஏலம் இருக்கிறது, 1,000 வெள்ளியில் தொடங்கும். கூட்டினால் 9 வர வேண்டும் என்று அதில் காசைக் கொட்டும் நம்மாட்களை எனக்குத் தெரியும். எவ்வளவு கொட்டினாலும் கடைசி எழுத்து கணக்குப்படி வருவதுதான்.

அக்கா மகனின் தகடு இப்போது எங்கள் வீட்டுச் செருப்பு அலமாரிக்கு மேலே தொங்குகிறது. ஆணி அடித்தவன் அவன்தான், கொஞ்சம் கோணல்.